மேட்டில் சிதறிய சோளம்

கேனி ஓடை
1959 நவம்பர் 22

வண்டு,

இது வந்து சேரும்போது நீயும் நடீனும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு இடது முட்டியைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். தப்பு இருந்தால் சிரித்துவிட்டு மேலே படி.

அப்பாவைப் புதைத்து ஒரு மாதமாகிறது. நீ அனுப்பிய பூ வந்தது. கோயிலில் எல்லோரும் நீ ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். ஆலையில் லீவு தரவில்லை என்று சொன்னேன். தந்தியில் நீ அப்படித்தானே சொல்லியிருந்தாய்.

அன்றைக்கு அவர் வான்கோழிகள் மரத்தில் அடைவதைப் பார்க்க மேட்டுக்குப் போனார். இருட்டியும் இறங்கி வரவில்லை. ஓக் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போயிருந்தார். முகத்தில் வலி எதுவும் இல்லை. இதைத் தந்தியில் எழுத இடமில்லாமல் போனது.

போன வாரம் மேடக்ஸ் வந்தான். இன்னும் வனவிலங்கு இலாகாவில்தான் இருக்கிறான், தலைதான் வழுக்கையாகிவிட்டது. தின்பண்டம் எதுவும் வேண்டாம் என்று நின்றுகொண்டே சொன்னான்.

"மதினி, அண்ணன் இருந்து பாத்திருக்கணும். வர்ற ஏப்ரல்ல நம்ம மாவட்டத்துல மூணு நாள் வேட்டையத் தெறக்கறாங்க. சேவல் மட்டுந்தான். நெஞ்சுல தாடி தொங்கணும். ஆளுக்கு ஒண்ணு. மதியம் ஒரு மணியானா துப்பாக்கிய எறக்கி வெச்சிரணும்."

நான் வாழ வந்ததிலிருந்து இந்த மலையில் யாரும் சட்டப்படி ஒரு வான்கோழி சுட்டதில்லை. சுடுவதற்கு இருந்தால்தானே. இலாகாக்காரர்கள் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்து நம் மேட்டில் விட்ட நாள் உனக்கு நினைவிருக்கும். பெட்டியைத் திறந்ததும் ஒன்று பறக்காமல் நின்று உன்னையே பார்த்தது. நீ என் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாய். அன்றிலிருந்து அப்பா அவற்றுக்குக் காவல்.

நீ வா, வண்டு. முதல் சேவலை நம் மேட்டில் நீதான் சுட வேண்டும். அவர் துப்பாக்கி சுவரிலேயே இருக்கிறது.

நடீனுக்கு என் முத்தம்.

அம்மா


டெட்ராய்ட்
டிசம்பர் 13

அம்மாவுக்கு,

நாங்கள் சுகம். முட்டிக்குக் கம்பளித் துணி கட்டிக்கொள், ஈரத்தில் நிற்காதே. நடீன் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இங்கே பனி விழும்போதே கறுப்பாகிவிடுகிறது. இப்போது என்னைக் கதவு மாட்டும் பகுதியில் போட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து மாலைவரை காருக்குக் கதவு மாட்டுகிறேன். ஒன்றையாவது திறந்து உள்ளே உட்கார்ந்ததில்லை.

மாடியில் இருக்கும் கிழவர் வீட்டைக் காலி செய்கிறார். உனக்கு அந்த அறை போதும். அடுப்பு இருக்கிறது, குழாயில் வெந்நீர் வருகிறது. அந்த மலையில் தனியாக உட்கார்ந்து யாரைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறாய்?

ஏப்ரலுக்கு இன்னும் நாளிருக்கிறது. பார்க்கலாம்.

கார்லண்ட்


கேனி ஓடை
1960 ஜனவரி 17

வண்டு,

கம்பளித் துணி கட்டியிருக்கிறேன். சளி, காய்ச்சல் ஒன்றும் இல்லை. நீ காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. சின்ன வயதில் உனக்குக் காது வலிதான் அடிக்கடி வரும்.

இங்கே வேலி மறையும் அளவு பனி. ஆளே வருவதில்லை. ஆனால் கூட்டமாக வேறு விருந்தாளிகள் வருகிறார்கள். அப்பா ஒவ்வொரு வருஷமும் மேட்டு வயலில் சில வரிசை மக்காச்சோளத்தை அறுக்காமல் பறவைகளுக்கென்று விட்டுவிடுவார். இந்த முறை அறுப்புக்கு ஆள் வந்தபோது நான் இருந்த நிலையில் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். வயலை மொட்டையடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் காலையில் வாளியில் சோளம் எடுத்துப்போய் மேட்டில் இறைக்கிறேன். வாளிச் சத்தம் கேட்டதும் வான்கோழிகள் ஓடி வருகின்றன. இப்போதெல்லாம் வாசல்வரைகூட வருகின்றன.

ஒரு சேவல் நொண்டுகிறது. அதற்கும் இடது கால்தான். அதற்கு மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுகிறேன். நான் பேசினால் தலையைச் சாய்த்துக் கேட்கிறது. உன் அப்பா அவ்வளவுகூடக் கேட்டதில்லை.

'பார்க்கலாம்' என்று நீ சொன்னால் வரமாட்டாய் என்று அர்த்தம். சின்னதிலிருந்தே அப்படித்தான். அந்தப் பெட்டை வான்கோழி விஷயம்தான் இன்னும் மனதில் இருக்கிறதென்றால் எழுதிவிடு. பதினாறு வயதில் மேட்டில் ஒரு பெட்டையைச் சுட்டாய். அப்பாவே உன்னை மேடக்ஸிடம் கூட்டிக்கொண்டு போனார். நீதிபதி உன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். நடந்தது அவ்வளவுதான். அப்போது மேட்டில் நான்கைந்து பெட்டைகள்தான் இருந்தன என்பது உனக்கும் தெரியும்.

அவர் அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடமும் பேசவில்லை.

சோள ரொட்டி வாசம் வருகிறது, அடுப்பைப் பார்க்கப் போகிறேன்.

அம்மா


டெட்ராய்ட்
பிப்ரவரி 7

அம்மாவுக்கு,

காது வலி இல்லை. நடீனுக்கு மட்டும் இருமல் இருந்தது, சரியாகிவிட்டது. உனக்கும் ஒன்றும் வராமல் இருக்கட்டும்.

நீ கேட்டதால் எழுதுகிறேன். இல்லையென்றால் எழுதியிருக்க மாட்டேன்.

இறகு ஒட்டிய கையோடு நான் கொல்லையில் நின்றேன். அப்பா பறவையைத் தூக்கிப் பார்த்தார். "வண்டியில ஏறு" என்றார். வழியெல்லாம் பேசவில்லை. மேடக்ஸ் வீட்டு வாசலில்தான் வாயைத் திறந்தார். "ஊரான் வீட்டுப் பிள்ளை சுட்டிருந்தா இழுத்துட்டு வந்திருப்பேன். எம்மவன்னா விட்டுருவேனா? எழுதிக்க." என்னைப் பார்த்து அல்ல, மேடக்ஸைப் பார்த்துச் சொன்னார்.

ஏன்டா சுட்டாய் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். அந்த வாரம் நீ காய்ச்சலில் எழுந்திருக்காமல் கிடந்தாய். வீட்டில் பீன்ஸைத் தவிர வேறு எதுவும் இல்லை. உனக்கு சூப்பு வைக்கலாம் என்று நினைத்தேன். பனிமூட்டத்தில் அது பெட்டை என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

இங்கே வந்து ஏழு வருஷம். அவர் கையெழுத்தில் ஒரு வரி வந்ததில்லை. கிறிஸ்துமஸ் அட்டையில் அவர் பெயரையும் நீதான் எழுதுவாய். எழுத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா?

இதற்கு மேல் இதைப் பற்றி எழுத வேண்டாம்.

கார்லண்ட்


கேனி ஓடை
மார்ச் 13

வண்டு,

நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. நடீனின் இருமல் திரும்ப வராமல் பார்த்துக்கொள், இரவில் நெஞ்சில் பன்றிக்கொழுப்பு தடவச் சொல்.

சூப்பு பற்றி நீ எழுதியதற்கு என்ன பதில் எழுதுவது என்று பல நாள் மேசை முன்னால் உட்கார்ந்தேன். தெரியவில்லை. அதனால் வேறு விஷயம் எழுதுகிறேன். என்னையும் மேடக்ஸ் பிடித்துவிட்டான்.

வேட்டைக்கு முன்னால் நிலத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவன் மேட்டிலிருந்து கையில் எதையோ மூடிக்கொண்டு இறங்கினான். வாசலில் வந்து விரித்தான்.

"மதினி, இது என்ன?"

"சோளம்."

"சோளம்னு எனக்கும் தெரியுது. யாரு போட்டா?"

"நாந்தான். அதுகளுக்குப் பசிக்காதா?"

தொப்பியைக் கழற்றிவிட்டான். "எரை கெடக்கற எடத்துல வேட்டையாடக் கூடாது மதினி. எரை போட்டுப் பழக்கிச் சுட்டா ஒரே வாரத்துல கூட்டமே காலியாயிரும். இந்த மேட்ட நான் மூடித்தான் ஆகணும்."

"அவரு வருஷா வருஷம் விட்டாரே, அது மட்டும் என்னவாம்?"

"அண்ணன் செடியோட நிக்க விட்டாரு. நிக்கற பயிருக்குத் தடையில்ல. நீங்க உதுத்து எறச்சிருக்கீங்க."

"நின்னாலும் சோளந்தான், விழுந்தாலும் சோளந்தான். இது என்னடா சட்டம்?"

"அத நான் எழுதல மதினி."

"போ. ஹோபர்ட் பொண்டாட்டியையே புடிச்சேன்னு மேல எழுதிப் போடு. பெரிய உத்தியோகம் குடுப்பாங்க."

"அண்ணன் இருந்திருந்தா எனக்கு முந்தி அவரே உங்கள இழுத்துட்டு வந்திருப்பாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான்.

கடைசியில் ஒரு வழி சொன்னான். வேட்டை தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது மேடு சுத்தமாக இருக்க வேண்டும். "ஒரு மணி கெடந்தாலும் மூடிருவேன். அண்ணன் பேரச் சொல்லி எங்கிட்ட வராதீங்க."

மேடு மூடிக்கிடந்தால் நொண்டியை யாரும் சுட மாட்டார்கள். எனக்கும் காலையில் வாளியை எடுக்க ஒரு காரணம் இருக்கும். அப்படி ஒரு நினைப்பு வந்தது. ஆனால் மூடினால் நீ வர ஒரு காரணமும் இருக்காது. அதனால் அள்ளிவிடுகிறேன். வருகிறேன் என்று மட்டும் எழுது.

அம்மா


டெட்ராய்ட்
மார்ச் 20

அம்மா,

எல்லோரும் சுகம். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் நடீன் அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள். நம் குடும்பத்தில் நான் ஒருத்தன்தான் கேடி என்று நினைத்திருந்தேன். இப்போது நீயும் சேர்ந்துவிட்டாய். ஆலையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். "ஒங்கம்மாவ எப்ப ஜாமீன்ல எடுக்கப் போற?" என்று கேட்கிறார்கள்.

குனிந்து குனிந்து அள்ளாதே. விளக்குமாற்றால் கூட்டு. முட்டி பாவம்.

மேஸ்திரியிடம் லீவு கேட்டிருக்கிறேன். தருவதாகச் சொன்னார். வருகிறேன், அம்மா.

என் கட்டில் இன்னும் இருக்கிறதா?

வண்டு


கேனி ஓடை
ஏப்ரல் 10

என் வண்டு,

கடிதத்தில் நீயே வண்டு என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். அதைப் பார்த்த பிறகு முட்டி வலி தெரியவில்லை. நீங்கள் இருவரும் இப்படியே சுகமாக இருங்கள்.

கட்டில் இருக்கிறது. மெத்தையை வெயிலில் போட்டு அடித்து வைத்தேன். போர்வைகளைத் துவைத்தாகிவிட்டது.

சோளம் போன கதையைக் கேள். விளக்குமாற்றால் கூட்டியதில் பாதிதான் வந்தது. மீதி புல்லுக்குள் ஒளிந்துகொண்டது. கையால் பொறுக்கினேன், முடியவில்லை. பக்கத்து நிலத்து லுடீ வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"ஆர்ஃபா, நீ ஒரு வருஷம் பொறுக்கினாலும் தீராதுடி. எங்கோழிங்கள விடட்டுமா?"

"விடேன். புண்ணியமாப் போவும்."

"காட்டுக்கோழிக்கு வெச்சத வீட்டுக்கோழிக்குப் போடறியே, அதுங்க சாபம் விடாது?"

கூடை கூடையாகத் தூக்கிவந்து மேட்டில் விட்டாள். இரண்டு நாள் கொத்தின. பிறகு மேடக்ஸ் மண்டியிட்டுத் தவழ்ந்து பார்த்தான். காற்சட்டையெல்லாம் சேறு. ஒரு மணிகூட இல்லை. மேடு திறந்துதான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சோளத்தை நிறுத்திய முதல் நாள் காலையில் வான்கோழிகள் வழக்கம்போல வாசலுக்கு வந்தன. கையை விரித்துக் காட்டினேன். நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டன. நொண்டி மட்டும் பிறகும் சில நாள் வந்தது. இப்போது அதுவும் வருவதில்லை. வாசல் வெறிச்சென்று இருக்கிறது. நீ வரப்போகிறாய் என்பதால் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

சேவலைக் கூப்பிட அப்பா வைத்திருந்த சின்ன செடார் மரப் பெட்டியை எடுத்துத் துடைத்தேன். மூடியை உரசினால் இன்னும் பெட்டை கூப்பிடுவது போலவே இருக்கிறது. நீ தூங்கி வழிந்தாலும் நான் உரசிச் சேவலைக் கூப்பிட்டு வைப்பேன். துப்பாக்கி இல்லாமல் கூப்பிட்டால் குற்றமா என்று மேடக்ஸிடம் கேட்டேன். "குத்தமில்ல மதினி, பைத்தியம்பாங்க" என்றான்.

இருபத்துமூன்றாம் தேதி சனிக்கிழமை விடியலில் தொடக்கம். வெள்ளி சாயங்காலமே வந்துவிடு. பன்றித் தொடை எடுத்து வைத்திருக்கிறேன்.

அம்மா


டெட்ராய்ட்
ஏப்ரல் 21, வியாழன்

அன்புள்ள அத்தைக்கு,

நடீன் எழுதுகிறேன். உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் சொன்னபடி கொழுப்பு தடவியதில் என் இருமல் போய்விட்டது.

அவர் இப்போதுதான் காரில் கிளம்பினார். இந்தக் கடிதம் வருவதற்குள் அவர் உங்கள் கையால் சாப்பிட்டு முடித்திருப்பார். இரண்டு நாளாகத் தூங்கவில்லை. பெட்டியில் துணியை வைப்பார், எடுப்பார். "எதுக்குங்க இந்தப் பாடு, அம்மா வீட்டுக்குத்தான போறீங்க?" என்று கேட்டேன். "ஒனக்குத் தெரியாது, நடீன்" என்றார்.

அத்தை, அவரிடம் மாமாவைப் பற்றி நிறையப் பேசுங்கள். நான் பேச்செடுத்தால் வெளியே போய்விடுகிறார். அடக்கத்தன்று ஆலையில் லீவு தராமலில்லை. நாள் முழுக்கக் கோட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

திரும்பி வரும்போது உங்களையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். அறையில் திரைச்சீலை தைத்துப் போட்டாகிவிட்டது.

உங்கள் மருமகள்
நடீன்


டெட்ராய்ட்
ஏப்ரல் 26

அம்மாவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம்.

என்னால் வர முடியவில்லை. கடைசி நேரத்தில் ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். ஆள் குறைவு. மேஸ்திரியிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நீ காத்திருந்திருப்பாய். மன்னித்துக்கொள்.

அடுத்த வருஷமும் வேட்டை இருக்கும் இல்லையா? அப்போது பார்க்கலாம்.

கார்லண்ட்


கேனி ஓடை
மே 12

வண்டு,

கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். பன்றித் தொடை வீணாகவில்லை, லுடீ வீட்டில் எல்லோருமாகச் சாப்பிட்டார்கள். நடீனும் எனக்கு எழுதியிருந்தாள். நல்ல பெண். அவளை எதுவும் கேட்காதே, திட்டாதே. திரைச்சீலை தைத்தாளாம், நீலமா பச்சையா என்று எழுதச் சொல்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே மேட்டுக்குப் போனேன். உனக்கு வழியில் கார் கோளாறாகியிருக்கும், நேராக மேட்டுக்கே வந்துவிடுவாய் என்று நினைத்தேன். அப்பாவின் துப்பாக்கியைத் துடைத்து, நீ வழியில் எடுத்துக்கொள்ள வசதியாகக் கதவருகில் சாய்த்து வைத்துவிட்டுப் போனேன். அவர் சாய்ந்திருந்த ஓக் மரத்தடியில்தான் உட்கார்ந்தேன். அவர் போன பிறகு அந்த இடத்தில் உட்காரும் தைரியம் எனக்கு அதுவரை வரவில்லை.

வெளிச்சம் வந்ததும் பெட்டியை உரசினேன். ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து சேவல் பதில் கொடுத்தது. உரச உரசக் கிட்ட வந்தது. தண்ணீர் ஓரம்வரை வந்து நெஞ்சை விரித்துக்கொண்டு நின்றது. நொண்டிதான். கூப்பிட்ட பெட்டை தாண்டி வரட்டும் என்று நின்றது போலிருக்கிறது. சேவல்களுக்கு அதுதான் இயல்பு என்று அப்பா சொல்வார். நான் எங்கே எழுந்து போவது? வெயில் ஏறும்வரை உரசினேன். கை மரத்துவிட்டது. அது அப்படியே திரும்பி மரங்களுக்குள் போய்விட்டது.

மாவட்டத்தில் விழுந்த சேவல்கள் மிகக் குறைவு என்று மேடக்ஸ் சொன்னான். பெட்டைகள் நிறைய முட்டை வைத்திருக்கின்றனவாம். அடுத்த வருஷமும் திறப்பார்கள். இதைச் சொல்ல வந்தவன் போகாமல் படியில் உட்கார்ந்துகொண்டான்.

"மதினி, சொல்லலாமா கூடாதான்னு ரெண்டு வாரமா யோசிக்கறேன்."

"சொல்லத்தானடா வந்த. சொல்லு."

"அன்னிக்கு விடியக்காலம் ரோந்து வந்தேன். ஓடைப் பாலத்துக்கு அந்தாண்ட ஒரு மிச்சிகன் காரு. உள்ள ஆளு. வேட்டைச் சீட்டக் காட்டுன்னேன். காட்டினான். எல்லாம் சரியா வெச்சிருந்தான், பேரும் எழுதியிருந்துச்சு. பேரப் பாத்துத்தான் மொகத்தப் பாத்தேன்."

நான் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"துப்பாக்கி எங்கடான்னேன். அப்பாவோடது வீட்ல இருக்கு சார்னான். எம்மேல இன்னும் கோவமான்னேன். இல்ல சார்னான். அப்ப போடா, அம்மா மேட்டுலதான் இருக்காங்க, பெட்டி சத்தம் கேக்குது பாருன்னேன். கேக்குது சார்னான்."

"அப்புறம்?"

"ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டு இருந்தான் மதினி. அப்புறம் வண்டியத் திருப்பிட்டான்."

அவன் பார்த்தது வேறு யாராவதாக இருக்கும், என் மகனுக்கு அன்றைக்கு ஓவர்டைம் என்று அவனிடம் சொல்லி அனுப்பினேன். நீயும் அப்படியே வைத்துக்கொள். இதற்காக நீ வருத்தப்படுவது எனக்குப் பிடிக்காது.

அறைக்கு நான் இப்போது வரவில்லை. மேட்டு வயலில் சோளம் விதைத்திருக்கிறேன். இந்த முறை ஓர வரிசைகளை அறுக்காமல் நிற்க விடச் சொல்லிவிட்டேன். காதைப் பார்த்துக்கொள். நடீனுக்கு என் முத்தம்.

வேறு எதுவும் எழுத இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். அன்றைக்கு அந்தப் பெட்டியை உரசியது நானாக இல்லாமல் அவராக இருந்திருந்தால், நீ பாலத்தைத் தாண்டி வந்திருப்பாயா, வண்டு?